மூன்று சிகரெட் நேரம்

சூடேறி நின்றுவிட்ட வண்டியின் பானட்டைத் திறந்ததும் எங்கள் அபா முதலில் செய்வது, காதில் செருகியிருக்கும் கிராம்பு சிகரெட்டை எடுத்துப் பற்றவைப்பதுதான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். வண்டிக்காரர் பதறுவார். பின்னால் நிற்கிற லாரிகள் ஹாரன் அடிக்கும். வண்டிக்குள் குழந்தை அழும். அபா சாலையோரத்து மைல்கல்லின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கிராம்பு பட்பட்டென்று வெடிக்க, சாவகாசமாகப் புகைத்துக்கொண்டிருப்பார்.

"என்ன மாங், வண்டி எரியுது, நீங்க சிகரெட்ட எரிக்கிறீங்க?" என்று கேட்காத டிரைவர் இல்லை. மாங் என்றால் எங்கள் பக்கத்தில் மாமா.

"அது ஆறணும்னா இது எரியணும்" என்பார்.

அலட்சியம் இல்லை அது. கடிகாரம். காலி வண்டி என்றால் ஒரு சிகரெட். கார் என்றால் இரண்டு. குடும்பமும் கூரைமேல் மூட்டையுமாக வருகிற பழைய கிஜாங் வேன் என்றால் மூன்று. லாரிக்கு நான்கு. அதற்கு முன்னால் ரேடியேட்டர் மூடியில் கை வைக்க யாரையும் விடமாட்டார். அவரது இடது முன்கையில் முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி, இளஞ்சிவப்பாக இருக்கும். சிபாரே ஏற்றத்துக்கு வந்த முதல் வருடம், ஒரு டிரைவரின் அவசரத்துக்காக மூடியைச் சீக்கிரம் திறந்ததில் கொதிநீர் பீறிட்டு அடித்த இடம். சிகரெட் கணக்கு அதற்குப் பிறகு வந்தது.

அபா என்று நாங்கள் கூப்பிடுகிற அப்பாவுக்குத் தர்யா என்று பெயர். ஓட்டுச் சூளையில் ஓடு சுமந்துகொண்டிருந்தவர், எங்கள் அம்மா எமாவைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். தாசிக்மலாயா தாண்டிப் போகிற தெற்குச் சாலையில், மலை மூச்சு வாங்க வைக்கிற இடம் சிபாரே. எமாவின் காப்பிக்கடை வளைவிலேயே இருந்தது. ஏற முடியாமல் பின்னால் உருள்கிற வண்டிகளின் சக்கரத்துக்குக் கட்டை போடுவதுதான் அபா முதலில் பார்த்த வேலை. கட்டை போட்டுவிட்டுச் சும்மா நிற்காமல், டிரைவர்கள் குனிந்து என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். பத்து டிரைவர்கள் பத்து விதமாகச் செய்ததில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று மனதில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவர் படித்த படிப்பு. எத்தனையோ வண்டிகளை அந்த ஏற்றத்திலிருந்து அனுப்பிவைத்தவருக்குக் கடைசிவரை வண்டி ஓட்டத் தெரியாது.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் சாவியை ஒரே ஒரு தடவை போடச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை என்றால் பேட்டரிக்குப் போவார். சீராகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், "இஞ்சின் சாகல, மயக்கம் போட்டிருக்கு" என்பார். சத்தம் நொண்டினால் முகம் வாடிவிடும். பிறகு ஆயில் குச்சியை உருவி மூக்கருகே கொண்டுபோவார். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது, அது இழுவை வண்டிக்கான கேஸ். இல்லையென்றால் இரண்டு துணிகளை நனைத்து ஒன்றைத் தீப்பொறி தருகிற இக்னிஷன் காயில் மீதும், மற்றதைப் பெட்ரோல் பம்ப் மீதும் போடுவார். சூட்டில் காயில் தீப்பொறி தராது, பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகி நிற்கும். அதன் பிறகுதான் சிகரெட்.

நோன்பு மாதத்தில் மட்டும் இதில் ஒரு மாற்றம் உண்டு. பகலில் புகைக்கக் கூடாது. அதனால் எமாவின் அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்து, வாயில் வைக்காமலேயே சிகரெட்டைப் பற்றவைத்து, மைல்கல்லின் தலையில் வைத்துவிடுவார். அது தானே புகைந்து தீரும். எமாவின் கடை அந்த மாதம் முழுக்கத் திரை போட்டிருக்கும். நோன்பு வைக்காத பயணிகள் திரைக்குப் பின்னால் சாப்பிடுவார்கள். வெளியில் பாதங்கள் மட்டும் தெரியும்.

"மாங், நீங்க நோன்பு. உங்க கல்லு மட்டும் ஊதுதே?" என்று கேட்பான் ஜாஜாங். எங்கள் வளைவில் வாடகைக்கு பைக் ஓட்டுகிறவன்.

"கல்லு பயணத்துல இருக்குடா. பயணிக்கு விலக்கு உண்டு."

"முப்பது வருஷமா ஒரே எடத்துல நிக்குது, பயணமாம்!"

"நீயும்தான் நிக்கிற. நோன்பு வச்சியா?"

திரைக்குப் பின்னாலிருந்து பாதங்கள் சிரிக்கும். அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் கிராம்பு மணமும் சூடான ரப்பர் மணமும் சேர்ந்து வருகின்றன. பாண்டுங்கில் விடுதி அறையில் இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் புகைக்கிற நேரம் பார்த்து ஜன்னலைத் திறந்து வைப்பேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இரண்டாம் வருடம் படிக்கும்போது, பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு வந்திருந்தேன். நகரத்திலிருந்து ஊருக்குப் போகிற வண்டிகள் மலையை மூடிக்கொண்டு ஊர்ந்த நாள் அது. மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடித்த நேரத்தில் ஒரு பச்சைக் கிஜாங், ஆவி கக்கியபடி வளைவில் வந்து நின்றது. அபா கட்டையோடு ஓடினார்.

இறங்கியவர் பெயர் ஹெந்தார். நாற்பது வயதிருக்கும். கறுப்புத் தொப்பி போட்டிருந்தார். பெக்காசியிலிருந்து மனைவியோடு வருகிறார்.

"எவ்வளவு நேரம் ஆகும் மாங்? அப்பா காலைல தவறிட்டாரு. மூணு மணிக்கு மேல அஸர் தொழுதுட்டு அடக்கம் பண்றாங்க. நான்தான் மூத்தவன். முகத்த ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

"எந்த ஊரு பாக்?" என்று மரியாதையாகக் கேட்டார் அபா.

"சுகாமுல்யா. சியாமிஸ் தாண்டி."

அபா சாவியைப் போடச் சொன்னார். இஞ்சின் கொர்கொர்ரென்று சீராகச் சுற்றியது, பிடிக்கவில்லை. எண்ணெய் சுத்தமாக இருந்தது. கீழ்ப்பக்கத்து ரேடியேட்டர் ஓஸ் குழாய் நீளமாகக் கிழிந்திருந்தது.

"ஓஸ்தான் பாக். தண்ணி பூரா போயிருக்கு. கட்டிடலாம். மயக்கம் தெளியட்டும்."

ஜாஜாங் அதற்குள் பைக்கை உறுமவிட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"பாக், ஏறுங்க. இந்த நெரிசல்ல வண்டி ஊரும், பைக் பறக்கும். ஒன்றர மணி நேரம். சுகாமுல்யால எறக்கி விட்டுடறேன்."

ஹெந்தார் மனைவியைப் பார்த்தார்.

"போங்க நீங்க" என்றார் அந்த அம்மா. "நான் வண்டிகிட்ட இருக்கேன். முகத்தப் பாருங்க மொதல்ல."

ஹெந்தார் பைக்கின் பின்சீட்டில் கை வைத்தார். காலைத் தூக்கவில்லை. மனைவியை நடுச்சாலையில் விட்டுவிட்டுப் போவதா என்று அவர் தயங்கியது எனக்குத் தெரிந்தது.

"எதுக்கு பாக் அவதி?" என்றார் அபா. "இவன் பெருநாள் கூலி கேப்பான் பாருங்க, அதுல பைக்கையே வாங்கிடலாம். இது மூணு சிகரெட் வண்டி. அதுக்கப்புறம் கட்டி முடிக்க இருபது நிமிஷம். அஸருக்கு முன்னாடி உங்க வீட்டு வாசல்ல நிப்பீங்க. இது என் வார்த்தை."

"நிச்சயமா மாங்?"

"பத்தொம்பது வருஷமா இந்த ஏத்தத்துல நிக்கிறேன்."

ஹெந்தார் சீட்டிலிருந்து கையை எடுத்தார். ஜாஜாங் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டான்.

அபா கொள்ளி எடுத்துவந்து முதல் சிகரெட்டைக் கல்லில் வைத்தார். அன்றைக்குக் காற்றே இல்லை. புகை நேராக மேலே போனது. ஹெந்தாரும் மனைவியும் தொழுதுவிட்டு வந்தார்கள். சிகரெட் பாதிகூட எரிந்திருக்கவில்லை. ஹெந்தார் வளைவுக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். இரண்டாவது முடிந்ததும் ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஆறிடுச்சு மாங். தொட முடியுது பாருங்க."

"வெளியதான் ஆறியிருக்கு. உள்ள அப்படியே இருக்கும்." அபா தன் இடது கையை நீட்டிக் காட்டினார். "இதுவும் இப்படித்தான், ஆறிடுச்சுன்னு சொன்னவர நம்புனதுல வந்தது. மூணுன்னா மூணு."

மூன்றாவதும் சாம்பலான பிறகு அபாவின் கைகள் பறந்தன. கிழிந்த ஓஸை வெட்டி, சைக்கிள் டியூப் வாரால் இறுக்கிக் கட்டினார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ப்ளக்கைக் கழற்றித் தீப்பொறி பார்த்தார், நீலமாக வந்தது. முதல் முறை பிடிக்கவில்லை. "பெட்ரோல் நெறஞ்சிருக்கு. ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டே போடுங்க" என்றார். கிஜாங் இருமியது, கறுப்புப் புகை கக்கியது, பிடித்தது. திரைக்குப் பின்னாலிருந்தெல்லாம் கைதட்டல்.

ஹெந்தார் பர்ஸை எடுத்தார். "சாவுக்குப் போறவங்ககிட்ட வாங்க மாட்டேன். போங்க, போங்க!" என்று அபா கதவை அவரே சாத்தினார். ஹெந்தார் ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு போனார்.

நான் செல்பேசியைப் பார்த்தேன். மணி இரண்டு. லுஹர் பாங்கு பன்னிரண்டுக்குச் சொல்வார்கள். இவ்வளவு நேரமா ஆயிற்று என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு எமா கூப்பிட்டார், போய்விட்டேன்.

பெருநாள் கழிந்த மறுநாள் ஜாஜாங் வந்தான். அவனுடைய சித்தி மகள் சுகாமுல்யாவில் வாழ்க்கைப்பட்டவள்.

"அந்தப் பச்ச வண்டிக்காரர் நேரத்துக்குப் போய்ச் சேரல மாங்" என்றான். "அஸர் முடிச்சு கால் மணி நேரம் காத்திருந்தாங்களாம். மையத்து ஒடம்ப ரொம்ப நேரம் வைக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. இவர் கபர்ஸ்தானுக்கு ஓடி வரும்போது மண்ணு மேல பூத்தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்தாங்களாம்." கொஞ்சம் நிறுத்தி, "என் பைக்குல ஏறியிருந்தா..." என்று தொடங்கியவன், அபாவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான்.

"நெரிசல்" என்றார் அபா. "சியாமிஸ்கிட்ட நெரிசலா இருந்திருக்கும்."

எனக்கு அந்த இரண்டு மணி நினைவு வந்தது. அன்று பிற்பகல் அபாவின் பெட்டியிலிருந்து சிகரெட்டுகளை எடுத்தேன். ஒன்றை அவரைப் புகைக்கச் சொல்லி நேரம் பார்த்தேன். மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்து நேரம் பார்த்தேன். அவர் என்னவோ கல்லூரி வேலை என்று நினைத்துக்கொண்டார்.

"வாயில வச்சு இழுத்தா பன்னெண்டு நிமிஷம் அபா. கல்லுல வச்சா இருபத்தேழு."

"அப்படியா?"

"மூணு சிகரெட்டுக்கு முக்கா மணி நேரம் கூடிப்போகுது. இழுக்க ஆளில்லாம அது மெதுவா எரியுது."

அபா கல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் கணம்வரை, ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுவிட்ட சந்தோஷம் என் குரலில் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். எத்தனையோ முறை அந்தக் குரலை நினைவுபடுத்திப் பார்த்திருக்கிறேன். சந்தோஷம் இல்லாமலும் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே இருந்திருக்கலாமா என்பதற்குத்தான் இன்னும் பதில் கிடைக்கவில்லை.

"பத்தொம்பது நோன்பு" என்றார் அபா, தனக்குள்.

"யாருக்கும் தெரியலயே" என்றார் எமா. "நோன்புல பொழுது நகராதுன்னுதானே எல்லாரும் நெனச்சோம்."

அது உண்மை. நோன்பு மாதத்தில் வண்டிக்காரர்கள் மரநிழலில் படுத்துத் தூங்கிவிடுவார்கள். யாருக்கும் அவசரமில்லை. அவசரமாக வந்த முதல் ஆள் ஹெந்தார். அவரை பைக்கில் ஏறவிடாமல் தடுத்ததும் அபாதான்.

அடுத்த வாரம் அபா பெருநாள் பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். எமா ஒரு டப்பா அரிசி அப்பளம் கட்டிக்கொடுத்தார். பெருநாளில் ஒருவரையொருவர் தேடிப்போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததை மன்னிக்கும்படி கேட்பது எங்கள் வழக்கம். எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதால் அதில் யாரும் எதையும் குறிப்பாகச் சொல்வதில்லை. அபா குறிப்பாகச் சொல்லப் போனார். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் உதடுகள் அசைந்ததைப் பார்த்தேன்.

மாலை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பினார்.

"சொன்னீங்களா?" என்றார் எமா.

"ஹெந்தார் பெக்காசிக்குத் திரும்பிட்டாரு. அவங்க அம்மா இருந்தாங்க."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

அபா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார். வாசலில் பெயர் சொன்னதுமே அந்த அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "நீங்கதானா அந்த மாங்? என் மகன் உங்களப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தான். காசுகூட வாங்கலயாமே. நீங்க இல்லன்னா மறுநாள்தான் வந்து சேந்திருப்பான். பூத்தண்ணி ஊத்தவாவது வந்தானே!" என்று அழுதாராம். உட்காரவைத்துச் சோறு போட்டாராம். மீன் குழம்பு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினாராம்.

"வாயத் தொறந்து சொல்லிட்டு வர வேண்டியதுதானே?"

"வாய்ல சோறு இருந்துச்சு" என்றார் அபா.

எமா சிரித்துவிட்டார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அடுத்த பெருநாளுக்கு அவரே இந்த வழியா வருவாரு. அவர்கிட்டயே சொல்லிடறேன்."

அதற்குப் பிறகு நோன்பு மாதத்தில் அபா கல்லில் சிகரெட் வைக்கவில்லை. வண்டிக்காரரிடம் வாட்சில் நேரம் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு பெருநாளுக்கும் ஏற்றத்தில் வருகிற பச்சைக் கிஜாங்கையெல்லாம் எட்டிப் பார்ப்பார். ஒரு வருடம் அது வந்தது. எதிர்ப்புறம், இறக்கத்தில், ஊரிலிருந்து திரும்புகிற வரிசையில். "மாங்!" என்று ஒரு கை ஜன்னலுக்கு வெளியே ஆடியது. ஹாரன் மூன்று முறை அடித்தது. அபா கையிலிருந்த தண்ணீர் வாளியோடு சாலையின் குறுக்கே ஓடினார். பின்னால் வந்த பஸ் வரிசையைத் தள்ளிக்கொண்டு போனதில் ஹெந்தாரால் நிறுத்த முடியவில்லை. அபா நிறைய நேரம் அங்கேயே நின்றார். வாளித் தண்ணீர் காலில் சிந்தியிருந்தது.

"போன் பண்ணுங்களேன் அபா" என்றேன் நான். "ஜாஜாங் சித்தி மகள்கிட்ட நம்பர் வாங்கலாம்."

"இது போன்ல சொல்ற விஷயமா நெங்?" மகளான என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. அந்தக் கணக்கைப் போட்டது நான் என்று யாருக்கும் தெரியவேண்டியதில்லை அல்லவா?

சென்ற ஆண்டு மழை தொடங்கும்போது அபா நுரையீரல் நோயில் போய்ச் சேர்ந்தார். வீட்டு வாசலில் ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன்னால், எங்கள் ஊர் வழக்கப்படி உஸ்தாத் கூட்டத்தைப் பார்த்து நின்று சொன்னார்: "மறைந்த தர்யாவிடம் யாருக்காவது வரவேண்டிய கடன் இருந்தால் வாரிசுகளிடம் சொல்லுங்கள். அவர்கள் பொறுப்பேற்பார்கள். தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுகளை மன்னித்துவிடுங்கள்."

"மன்னிச்சோம்" என்றது கூட்டம். யாரும் முன்னால் வரவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஜாஜாங் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

ஏழாம் நாள் ஓதி முடிந்த பிறகு ஜாஜாங் வந்து, சுகாமுல்யாவிலிருந்து வந்த சேதியைச் சொன்னான். ஹெந்தாருக்குத் தகவல் போயிருக்கிறது. போனிலேயே அழுதாராம். "அந்த மாங்குக்கு நான் பட்ட கடனத் தீக்க முடியாமப் போச்சே" என்று தாயிடம் சொன்னாராம்.

எமா என்னைப் பார்த்தார். உஸ்தாத் சொன்ன வாரிசு நான்தான். ஜாஜாங் தந்த நம்பர் என்னிடம் இருக்கிறது. பெக்காசிக்கு பஸ் எங்கள் வளைவிலேயே நிற்கும். ஒரு பெருநாள் போய்விட்டது. நான் இன்னும் போகவில்லை. கல்லில் சிகரெட்டை வைத்து அவருடைய முக்கால் மணி நேரத்தைத் தின்ற கையைத்தான் ஹெந்தார் அன்று நெற்றியில் வைத்துக்கொண்டு போனார் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.